ஆமாம், எங்கள் வலைதான்

எங்கள் கடலுக்குப் பெண்கடல் என்று பெயர். அலை அடிக்காதாம், அடக்கமாகக் கிடக்குமாம், அதனால் அந்தப் பெயராம். பாம்பனுக்குத் தெற்கே இருப்பது ஆண்கடலாம். பெயர் வைத்த மகராசன் என் கையில் கிடைத்தால் ஒரு வாரம் எங்கள் கரையில் உட்காரவைத்து வலையிலிருந்து நண்டு கழற்ற விடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பும்போது அதன் அடக்கத்தை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் செவந்தி. ஊர் ஓடாவித்துறை. மணமேல்குடியைத் தாண்டிக் கட்டுமாவடிக்குப் போகிற வழியில் கிழக்கே திரும்பினால் சேறும் உப்புமாக ஒரு கரை வரும், அதுதான். எதிர்க்கரை இலங்கை. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற நீரிணையில் ஆழம் கிடையாது. எங்கள் கரையில் இறங்கி நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம், இடுப்புக்குத் தண்ணீர் வருவதற்குள் கால் சலித்துவிடும். ஆழம் இல்லாததால் வெயில் அடிவரைக்கும் போகிறது. வெயில் போவதால் சேற்றில் புல் முளைக்கிறது. கடல்தாழை என்போம். அந்தப் புல்லுக்குள்தான் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. புல் இருக்கிறவரை எங்கள் அடுப்பு எரியும். புல் போனால் நானும் என் புருஷனும் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்தப் புல்லை மேய வருவது ஆவுளியா. படித்தவர்கள் கடல்பசு என்கிறார்கள். குட்டிக்குப் பால் கொடுக்கிற பிராணி. மார்பு நம்மைப்போல அக்குளுக்குக் கீழே இருக்கும். யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்யாது. மூச்சுவிட மேலே வரும், புஸ்ஸென்று ஊதும், திரும்ப முங்கி மேயப் போய்விடும். என் ஆயுளில் உயிரோடு பார்த்தது நாலைந்து தடவைதான். செத்துக் கிடந்து பார்த்தது அதைவிட அதிகம்.

செத்து ஒதுங்கினால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய் திறக்கக் கூடாது. விடிவதற்குள் குழி தோண்டி, உடம்பின் மேல் ஒரு சேலையைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். சேலை எதற்கு என்றால், அதுவும் பொம்பளை மாதிரிதானே என்பார்கள். உயிரோடு இருக்கும்போது இல்லாத மரியாதை செத்த பிறகு எங்கிருந்துதான் வருமோ. விஷயம் சேலையில் இல்லை, பயத்தில் இருக்கிறது. வனத்துறைக்குத் தெரிந்தால் வலைக்காரனைப் பிடித்துக்கொண்டு போவார்கள், கேஸு, கோர்ட்டு என்று ஊரே அலைய வேண்டும் என்ற பயம். அதனால் எத்தனை செத்தது, எதனால் செத்தது என்று இந்தக் கரையில் எவனுக்கும் தெரியாது. செத்ததே தெரியாதபோது யார் கொன்றான் என்று எவன் கேட்பான்?

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருதாயி மூச்சிரைக்க வந்தாள். என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றுகிறவள், பத்து வருடப் பழக்கம். ஊர் ஒரு கோடு போட்டால் அதைத் தாண்டி ஒரு காலும் வைக்காதவள். எங்கள் ஊர்த் தலைவர் எழிலரசனின் ஐஸ் கம்பெனியில் அவள் மகன் வேலை பார்க்கிறான், அந்த நன்றியும் உண்டு. ஆவுளியா ஒதுங்கியிருக்கிறது, கழிமுகத்துக்குப் பக்கத்தில், சீக்கிரம் வா என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

போய்ப் பார்த்தேன். நீர் வற்றின சேற்றில் கிடந்தது. எங்கள் ஃபைபர் படகில் பாதி நீளம் இருக்கும். வாலிலும் ஒரு பக்கத் துடுப்பிலும் நண்டுவலை பந்தாகச் சுற்றியிருந்தது. இறுக்கின இடத்தில் தோல் வெள்ளையாகக் கிழிந்திருந்தது. மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்திருக்கிறது. கண் திறந்தே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

அது எங்கள் வலை.

சந்தேகமே இல்லை. மிதவைக்குக் காசு செலவழிக்காமல் தேய்ந்த செருப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி மேல்கயிற்றில் கோப்பது என் வழக்கம். என் புருஷனின் நீலச் செருப்பு, என் சிவப்புச் செருப்பு, என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன ரோஸ் செருப்பு எல்லாம் அந்த ஆவுளியாவின் வாலைச் சுற்றிக் கிடந்தன. ஊரில் எல்லாருக்கும் தெரியும் அது யார் வலை என்று. அதனால்தான் மருதாயி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வலை எப்படி அங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். இங்கே விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். திங்கள் போன விசைப்படகு செவ்வாய் விடியலில் கரை திரும்பும். செவ்வாய் எங்கள் நாள். எங்கள் வலை புல்லின்மேல் கிடக்கும் நாள். அந்தப் புல் கரைக்குப் பக்கத்தில் இருப்பது, விசைப்படகு எந்தக் கிழமையிலும் மடியை, அதாவது பை மாதிரியான இழுவலையை, இறக்கக் கூடாத இடம். ஆனால் எழிலரசனின் படகுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆழத்தில் இறால் சரியாகப் படவில்லையென்றால், திரும்பி வரும்போது புல்லின்மேல் மடியை இறக்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வருவது. மடியோடு இரண்டு பெரிய பலகைகள் சேற்றை உழுதுகொண்டு வரும். ஏர் ஓட்டினால்கூட ஒரு பருவத்தில் பயிர் முளைக்கும். அந்தப் பலகை ஓடின இடத்தில் புல் முளைக்க எத்தனை வருடமாகும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் வலையில் பாதி காணாமல் போனது. சாயங்காலம் என் தம்பி உதயசூரியன் ஒரு பை நிறைய இறாலோடு வீட்டுக்கு வந்தான். எழிலரசன் படகின் டிரைவர் அவன்தான். வலை மடியில் சிக்கிக்கொண்டது, கத்தியால் அறுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டேன், நம் வலை என்று தெரியாது அக்கா, புது வலை நான் வாங்கித் தருகிறேன் என்றான். இறால் பையை அப்படியே தெருவில் வீசினேன். அப்படியென்றால் வேறு எவன் வலையை அறுத்தாலும் பரவாயில்லையாடா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். இரண்டு நாய்கள் நன்றாகச் சாப்பிட்டன.

இப்போது அந்த அறுந்த வலைதான் கடலில் சுற்றிச் சுற்றி இந்தப் பிராணியைக் கட்டிப்போட்டுக் கொன்றிருக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் சேர்ந்தது. என் புருஷன் அடைக்கலம் வந்தார். தங்கமான மனிதர், ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் நாக்கு உலர்ந்துவிடும். வலையைப் பார்த்ததும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே எழிலரசன் வந்தார். மூன்று விசைப்படகு, ஒரு ஐஸ் கம்பெனி, ஊர்த் தலைவர் பதவி. கையில் மடிப்புக் கலையாத புதுச்சேலை ஒன்று வைத்திருந்தார். வரும்போதே தயாராக வந்திருக்கிறார்.

என் புருஷனின் தோளில் கையைப் போட்டு அவர் பேசின பேச்சைக் கேட்க வேண்டுமே. வாயில் வெல்லம் வைத்துக்கொண்டு பேசினார். பயப்படாதே, ஊர் உன்னைக் கைவிடாது, உன் வலையில் செத்ததை நாங்கள் யாரும் வெளியே சொல்ல மாட்டோம், அதோ பையன்கள் குழி தோண்டப் போகிறார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். என் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றவன் காப்பாற்றுகிறவனாக நிற்கிறான், இந்த மனிதர் அவனைக் கும்பிடுகிறார்.

நான் குனிந்து வலையின் கயிற்றைப் பார்த்தேன். நுனி பிய்ந்திருந்தால் நார் நாராக இருக்கும். இது ஒரே வெட்டு. வலைப்பந்துக்கு உள்ளே பச்சையாக, தடிமனாக ஒரு முழ நீளத்துக்கு மடியின் நூலும் சிக்கியிருந்தது. எங்கள் நண்டுவலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எழிலரசன் எதைப் புதைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் போய் போனை எடுத்தேன். வனச்சரகர் இசைவாணி போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டபோது எல்லாருக்கும் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். ஆவுளியா உயிரோடு வலையில் மாட்டினால் வலையை அறுத்து விடுங்கள், வலைக்கு நஷ்டம் நாங்கள் தருகிறோம், செத்து ஒதுங்கினால் மறைக்காதீர்கள் என்றார். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினோம், டீ குடித்தோம். ‘ஆவுளியா மேடம்’ என்று நான் போனில் ஏற்றி வைத்திருந்தேன். அடித்தேன். அறந்தாங்கியிலிருந்து கிளம்பி வருவதாகவும், புதுக்கோட்டையிலிருந்து கால்நடை டாக்டர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்றும், அதுவரை புதைக்க யாரையும் விட வேண்டாம் என்றும் சொன்னார். யார் வலை என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது குழி இடுப்பளவுக்கு ஆகியிருந்தது. மறைத்து வைத்துத் தவிக்கிற ஆள் நான் இல்லை. மேடத்துக்குப் போன் பண்ணிவிட்டேன், வருகிறார்கள், மண்வெட்டியைக் கீழே போடுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புருஷனையே காட்டிக் கொடுக்கிறாளே என்றாள் ஒருத்தி. கொழுப்பு என்றான் ஒருவன். என் புருஷன் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன காரியம் பண்ணிட்ட செவந்தி? நான் உள்ளே போனா நீ என்ன பண்ணுவ? இப்பவே திரும்பப் போன் போட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரு.”

“சொல்ல மாட்டேன். இன்னைக்கி இத மூடுனா நாளைக்கும் புல்லு மேல மடி இழுப்பாங்க. அடுத்த வருசம் கழட்டுறதுக்கு வலையில நண்டு இருக்காது. அப்ப ஒங்கள எவன் காப்பாத்துவான்?”

எழிலரசன் இப்போது வெல்லத்தைத் துப்பிவிட்டார். அவர்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, உருட்டித் தள்ளி மூடுங்கள், வந்து கேட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பையன்களுக்கு உத்தரவு போட்டார். என் பக்கம் திரும்பி, ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். எங்கள் வீட்டு வலையில் நண்டு கழற்ற ஒருத்தியும் வர மாட்டாள். ஐஸ் கிடையாது. ஏலத்தில் எங்கள் கூடையைத் தொட மாட்டார்கள். வலையில் மாட்டின நண்டைச் சீக்கிரம் கழற்றாவிட்டால் செத்து நாறிப்போகும். ஒரு வீட்டைப் பட்டினி போட இங்கே அடிக்கவோ உதைக்கவோ வேண்டாம், நான்கு பெண்களை வீட்டுக்குள்ளேயே உட்காரச் சொன்னால் போதும்.

நான்கைந்து பேர் பிராணியின் அடியில் கம்பைக் கொடுத்து நெம்பத் தொடங்கினார்கள். அது ஒரு பக்கம் அசைந்தது. அவ்வளவுதான், எனக்கு மூளை வேலை செய்யவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் குதித்தேன். அடியில் சேற்றுத் தண்ணீர் ஊறியிருந்தது, முழங்கால் வரைக்கும் நனைந்தது. அதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“தள்ளுங்க. எம்மேல தள்ளுங்க. ரெண்டு பேத்துக்கும் சேத்து அந்தச் சேலையப் போட்டு மூடுங்க.”

கம்பைப் பிடித்தவர்கள் நின்றுவிட்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது, தூக்கி வெளியே போடுங்கள் என்றார் எழிலரசன். ஒருவனும் நகரவில்லை. ஊர்ப் பொம்பளையின் மேல் கை வைத்தால் அவள் வீட்டார் சும்மா இருப்பார்களா என்ற யோசனை. அது அவருக்கும் தெரியும். அதனால் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த என் தம்பியைக் கூப்பிட்டார். உன் அக்காவை நீயே தூக்கு என்றார்.

உதயசூரியன் குழி விளிம்புக்கு வந்தான். நான் அண்ணாந்து பார்த்தேன். சட்டைப் பையில் எழிலரசன் வாங்கிக் கொடுத்த பெரிய போன். கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் தூங்காதவன் கண் அப்படித்தான் இருக்கும். அக்கா, மேலே வந்துவிடு, மச்சானுக்கு ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“ஒன்னால எதப் பாத்துக்க முடிஞ்சிச்சு? கீழ இருந்த புல்லப் பாத்தியா? வலையப் பாத்தியா? இப்பக் கை வையிடா பாப்போம்.”

அவன் கை வைக்கவில்லை. திரும்பியும் போகவில்லை. விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான். எழிலரசன் அவனைத் திட்டினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். அவன் காதில் விழாதவன் மாதிரி என் முன்னால் கிடந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏற ஏறப் பிணத்தின் வாடை தூக்கியது. ஈ மொய்த்தது. என் இடுப்புக்குக் கீழே விறைத்துப் போனது. யாராவது கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டு, யாராவது கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னால் அழ நான் தயாராக இல்லை.

ஜீப் வந்தது. இசைவாணியும் இரண்டு காவலர்களும் இறங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார் அந்தப் பெண். முதலில் ஆவுளியாவைச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, பிறகு குழிக்குள் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நீங்கள்தான் போன் செய்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இது யார் வலை என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எழிலரசன் முந்திக்கொண்டார்.

“அடைக்கலம் வலைங்க மேடம். இந்தா நிக்கிறானே, இவந்தான். புல்லு மேல வலை போடாதன்னு ஊர்ல எத்தனையோ தடவ சொல்லிட்டோம், கேக்கல. நீங்க ஆக்சன் எடுங்க, ஊர் குறுக்க நிக்காது.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தோளில் கை போட்டிருந்த அதே ஆள். அதே கை இப்போது என் புருஷனை விரல் நீட்டிக் காட்டியது. என் புருஷன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண்ணில் அப்போது பயம்கூட இல்லை, நம்ப முடியாத ஒரு திகைப்புதான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குழியில் எழுந்து நின்றேன்.

“ஆமாங்க, எங்க வலைதான். நாந்தான் கோத்தேன். எழுதிக்கங்க. அடுத்ததா இந்த வலைய அறுத்தது யாருன்னும் கேளுங்க.”

யார் என்று கேட்டார் இசைவாணி. பதில் எனக்குத் தெரியும். என் கூடப் பிறந்தவன் பெயர். அம்மா செத்த பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். சொல்லத்தான் போகிறேன், சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் சேற்றில் உட்கார்ந்ததற்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் ஒரு நிமிடம் நானும் மற்றவர்களைப் போலத்தான் நின்றேன். அப்போது உதயசூரியன் எழுந்து பின்பக்கச் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“நாந்தாங்க அறுத்தேன். போட்டு டிரைவர். செவ்வாக்கெழமை காலையில எங்க மடியில மாட்டுச்சு, வெட்டி விட்டுட்டேன். இந்தா, எங்க மடி நூலும் உள்ள கெடக்கு.” கொஞ்சம் நிறுத்தி எழிலரசனைப் பார்த்தான். “தலைவர் போட்டுதாங்க. ஆழத்துல படலைன்னா புல்லுல ஒரு இழுப்பு இழுத்துட்டு வாடான்னு அவருதான் சொல்லுவாரு.”

குடித்துவிட்டு உளறுகிறான் என்றார் எழிலரசன். குடித்தவன் யார், குடிக்காதவன் யார் என்று பார்த்தவுடன் தெரிகிற வெளிச்சம் அது. இசைவாணி வலைப்பந்துக்குள் கிடந்த பச்சை நூலை, தொடாமல், கிட்டத்தில் குனிந்து போட்டோ எடுத்தார். கயிற்று நுனியையும் எடுத்தார். பிறகு என் புருஷனும் தம்பியும் ஜீப்பில் ஏற வேண்டும், வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்றார். தலைவரும் வர வேண்டும் என்றார். நான் என் காரில் வருகிறேன் என்று எழிலரசன் விறைப்பாகச் சொன்னார். இவர்களைக் கைது செய்கிறீர்களா என்று நான் கேட்டேன். இப்போதைக்கு விசாரணை, முடிவு என்ன ஆகும் என்று இன்றைக்கே என்னால் சொல்ல முடியாது, ஆனால் மறைக்காமல் சொன்னதையும் சேர்த்தே எழுதுவேன் என்றார். பசப்பாமல் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது.

என் புருஷன் ஜீப்புக்குப் போகிற வழியில் குழியின் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மேலே வா, காய்ச்சல் வந்துவிடப் போகிறது என்று கையை நீட்டினார். டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து முடிக்கிறவரை நான் இந்த இடத்தைவிட்டு அசையப் போவதில்லை, நீங்கள் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், யாரையும் கும்பிடாதீர்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். என் தம்பி அவருக்குப் பின்னால் ஏறினான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஜீப் போய்விட்டது. இசைவாணியும் ஒரு காவலரும் டாக்டருக்காகக் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

எழிலரசன் உடனே போகவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இந்த நிமிடத்திலிருந்து அடைக்கலம் வீடு ஊரில் சேர்த்தி இல்லை என்றார். அவர்கள் வீட்டு வலையில் கை வைக்கிறவளும் அவர்களோடு சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்றார். அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார், அத்தனை திமிர். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியாகத் தலைமுந்தானையை இழுத்துக்கொண்டு நகரத் தொடங்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எல்லாருக்கும் அடுப்பு இருக்கிறது.

மருதாயி மட்டும் நகரவில்லை. ஆவுளியாவின் வால் பக்கமாக நின்று எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வலையின் ஒரு மடிப்புக்குள் நண்டு ஒன்று உயிரோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கீழே மஞ்சளாக முட்டை. சினை நண்டு யார் வலையில் வந்தாலும் கழற்றி உடனே கடலில் விட்டுவிட வேண்டும் என்பது கரையில் உட்காரும் பெண்களின் கட்டுப்பாடு. அதை எந்தத் தலைவரும் கூட்டம் போட்டு வைக்கவில்லை.

அவள் இசைவாணியைப் பார்த்து, இதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் சரி என்றார். மருதாயி சேற்றில் மண்டியிட்டு என் வலையில் கை வைத்தாள். கொடுக்கு ஒடியாமல், முட்டை கலையாமல், ஒவ்வொரு கண்ணியாக விலக்கி நண்டைக் கழற்றினாள். கழற்றியதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எழிலரசனைக் கடந்து, தண்ணீர் இருக்கிற இடம்வரை நடந்து போய் விட்டுவிட்டு வந்தாள்.

“மிச்ச வலைய நாளைக்கி எடுக்கப் போவீகள்ல? கரைக்கி வந்தோன்ன ஒரு சத்தம் குடு, வாரேன்” என்றாள் என்னிடம்.

பத்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு கழற்றுகிறவள் அவள். அவள் விரல் எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஒரு நண்டை அவ்வளவு மெதுவாகக் கழற்றியது, எழிலரசன் நின்று பார்க்கட்டும் என்றுதான்.